மாற்று குறைந்த வெள்ளி, வெட்டு விழுந்த தங்கம்: ரோமானியக் காசுகள் பற்றி வாசகர் கேள்விகள்

ரோமானியப் பேரரசர்கள் வெளியிட்ட காசுகளைப் பற்றிக் கேள்வி கேளுங்கள் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வரலாற்று ஆசிரியை அல்ல. நகைப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்து, எடை போடுவதும் கணக்கு எழுதுவதுமாக வளர்ந்தவள். காசைப் பார்க்கும் கண் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

என் மகன் கல்லூரி முதலாண்டு படிக்கிறான். ரோமானியக் காசு சேர்க்க வேண்டும் என்கிறான். ஜூலியஸ் சீசர், நீரோ என்று கேட்கிறான். நமக்குக் கட்டுப்படியாகுமா அக்கா? எதிலிருந்து ஆரம்பிப்பது?
வாசகி, திருப்பூர்

சீசரும் நீரோவும் கொஞ்ச காலம் காத்திருக்கட்டும். நான்காம் நூற்றாண்டுச் செப்புக் காசுகளிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவர் மகன்களும் ஏராளமாக அடித்துத் தள்ளிய சின்னக் காசுகள் அவை. தரமான விற்பனையாளரிடமே சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அகலம் நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆனால் படிக்க அதில் நிறைய இருக்கிறது.

முதல் காசாக நான் சொல்வது, கி.பி. 330-இல் கான்ஸ்டான்டிநோபிள் புதிய தலைநகராகத் திறக்கப்பட்டதை ஒட்டி வந்த ஜோடி. இரண்டிலும் பேரரசர் முகமே கிடையாது. ஒன்றில் 'உர்ப்ஸ் ரோமா' என்ற எழுத்தோடு தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி. பின்பக்கம் ரோமை நிறுவியதாகக் கதையில் வரும் இரட்டைக் குழந்தைகள் ரோமுலஸ், ரேமுஸ் இருவருக்கும் பால் கொடுக்கும் ஓநாய், அதற்கு மேலே இரண்டு நட்சத்திரம். மற்றொன்றில் கான்ஸ்டான்டிநோபிள் நகரமே ஒரு பெண்ணாக இருக்கிறாள், பின்பக்கம் கப்பலின் முன்முனையில் கால் வைத்து நிற்கும் வெற்றித் தேவதை. பழைய தலைநகருக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. யாரும் வருத்தப்படக்கூடாது என்று யோசித்துச் செய்த வேலை.

அப்புறம் பின்பக்கத்தில், உருவத்துக்குக் கீழே ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கும் கீழே உள்ள எழுத்துகளை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காசு அடித்த ஊரை அவை சொல்லும். டி.ஆர். என்று இருந்தால் இன்றைய ஜெர்மனியில் உள்ள டிரியர். எஸ்.ஐ.எஸ். என்றால் சிஸ்கியா, இன்றைய குரோஷியாவின் சிசாக் நகரம். எஸ்.எம்.ஏ.என். என்றால் அந்தியோக்கியா. கூடவே நிற்கும் ஒற்றை எழுத்து, அந்த அக்கசாலையின், அதாவது காசு அடிக்கும் பட்டறையின், எந்தப் பிரிவு அடித்தது என்று சொல்லும். பையனுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது, பாருங்கள்.

அதே காலத்தின் இன்னொரு காசு 'குளோரியா எக்ஸர்சிட்டஸ்', அதாவது படையின் பெருமை. இரண்டு வீரர்கள் நிற்பார்கள், நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள். 335 வாக்கில் காசின் எடையைச் சுமார் இரண்டரை கிராமிலிருந்து ஒன்றே முக்கால் கிராம் பக்கம் குறைத்தார்கள். தகடு சிறுத்தது, இடம் போதவில்லை, ஒரு கம்பத்தை எடுத்துவிட்டார்கள்! இரண்டு கம்பக் காசு ஒன்றும் ஒற்றைக் கம்பக் காசு ஒன்றும் வாங்கி, தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படையின் பெருமை என்ற எழுத்து மாறவில்லை, உலோகம்தான் குறைந்தது.

தாத்தாவின் பெட்டியில் ஒரு வெள்ளிக் காசு. ஒருபக்கம் இலைமாலை சூடிய ஆண் முகம், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். 'பான்டிஃப் மாக்சிம்' என்று படிக்க முடிகிறது. எடை 3.6 கிராம். இது எது?
வாசகர், மதுரை

நல்ல கடிதம். எடையையும் எழுதி அனுப்பினீர்களே, அதற்கே நன்றி. நேரில் பார்க்காமல் அசலா என்று சொல்ல மாட்டேன். வகை எது என்று சொல்லலாம். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட பேரரசர் டைபீரியஸின் தெனாரியஸ், ரோமானியரின் வழக்கமான வெள்ளிக் காசு. அடித்த இடம் லுக்டூனம், இன்றைய பிரான்சின் லியோன்.

முகம் உள்ள பக்கத்தில் எழுத்துகள் இடைவெளி இல்லாமல் ஓடும், 'உ' வரும் இடமெல்லாம் 'வி' எழுத்து இருக்கும். அதுதான் முதலில் குழப்பும். பிரித்துப் படித்தால், 'தெய்வமான அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்' என்று வரும். மறுபக்கம் நீங்கள் படித்தது 'தலைமைப் பூசாரி' என்ற அவருடைய பட்டம். உட்கார்ந்திருக்கும் பெண் அவர் தாய் லிவியா என்று பலரும் கருதுகிறார்கள். காசில் அவள் பெயர் இல்லை. நாற்காலியின் கால்களைப் பாருங்கள், வெறும் கோடாக இருக்கிறதா, வேலைப்பாடு இருக்கிறதா என்று. ஒரே மாதிரித் தோன்றும் இந்தக் காசுகளை ஆய்வாளர்கள் முன்னது பின்னது என்று வரிசைப்படுத்த அந்தக் கால்களும் உதவின. இயேசுவிடம் 'சீசருக்கு வரி கொடுக்கலாமா' என்று கேட்டபோது காட்டப்பட்ட காசு இதுதான் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதனாலேயே இதற்கு விலை கூடுதல், போலியும் கூடுதல்.

எழுத்து படிக்கப் பழகினால் ஆண்டையே கண்டுபிடிக்கலாம். 'டி.ஆர்.பி.' என்பது மக்கள் மன்ற அதிகாரம், பேரரசர்களுக்கு அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். டொமிஷியன் 81 செப்டம்பரில் பதவிக்கு வந்தார். ஆகவே அவர் காசில் டி.ஆர்.பி. எட்டு என்று இருந்தால், 88 செப்டம்பருக்கும் 89 செப்டம்பருக்கும் நடுவில் அடித்தது. தேதி போட்ட ரசீது கையில் இருப்பதற்குச் சமம்.

வகைப்படுத்த ஆதார நூல் 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்', 1923 முதல் தொகுதி தொகுதியாக வந்தது. வாங்க முடியாவிட்டால் கவலை வேண்டாம். அமெரிக்க நாணயவியல் கழகம் அதே வகைப்பாட்டை 'ஓக்ரே' என்ற பெயரில் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. எழுத்தில் பாதியைத் தட்டினாலே பொருத்தமானதைத் தேடிக் கொடுத்துவிடும்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரோமானியர்கள் வெள்ளிக் காசில் கலப்படம் செய்தே பேரரசைக் கெடுத்துக்கொண்டார்கள் என்கிறார்களே, காசைப் பார்த்தால் அது தெரியுமா?
வாசகர், சேலம்

கண்ணால் பார்த்தால் பாதி தெரியும். மீதிப் பாதியை மறைக்கத்தான் அவர்கள் பாடுபட்டார்கள்.

முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய பவுண்டு வெள்ளியில் 84 தெனாரியஸ். ஒன்று 3.9 கிராம் அளவில், ஏறக்குறையச் சுத்த வெள்ளி. 64-ஆம் ஆண்டில், ரோம் தீப்பிடித்து எரிந்த அதே ஆண்டில், நீரோ அதை 96 ஆக்கினார். எடை 3.4 கிராம் பக்கம் வந்தது. மாற்றும் குறைந்தது, ஐந்தில் ஒரு பங்கு செம்பு சேர்ந்தது. ஊரைத் திரும்பக் கட்டப் பணம் வேண்டியிருந்தது என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம், எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் அங்கிருந்து நேராகச் சரிவு என்று நினைத்துவிடாதீர்கள். டொமிஷியன் 82-இல் வெள்ளியைப் பழைய தரத்துக்கே உயர்த்தினார். கட்டுப்படியாகவில்லை, 85-இல் கொஞ்சம் இறக்கினார். கொடுங்கோலன் என்று எல்லாரும் ஏசும் மனிதர் நாணயத்தில் காட்டிய இந்த அக்கறையை நான் மதிக்கிறேன்.

பிறகு படைச் சம்பளம் ஏற ஏற வெள்ளி இறங்கியது. அகஸ்டஸ் காலத்தில் ஒரு படைவீரனுக்கு ஆண்டுக்கு 225 தெனாரியஸ். டொமிஷியன் 300 ஆக்கினார். செப்டிமியஸ் செவரஸ் இன்னும் கூட்டினார், அவர் காலத்தில் தெனாரியஸில் பாதிதான் வெள்ளி. அவர் மகன் கராகல்லா மேலும் கூட்டிக் கொடுத்தார். 215-இல் ஒரு புதுக் காசும் விட்டார். இன்று அதை அன்டோனினியானஸ் என்கிறோம். பேரரசர் தலையில் சூரியக் கதிர் மகுடம் இருந்தால் அதுதான். இரண்டு தெனாரியஸ் மதிப்பு என்று புழங்க விட்டதாகக் கருதப்படுகிறது, உள்ளே இருந்த வெள்ளியோ ஒன்றரைக்குத்தான் வரும். அரை தெனாரியஸ் அரசுக்கு லாபம்.

கேலியனஸ் தனியாக ஆண்ட 260-களில் அதே காசு கிட்டத்தட்டச் செம்பு. அவருக்குப் பின் வந்த இரண்டாம் கிளாடியஸ் காலத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் வெள்ளி. அந்தக் காசுகளின் பின்பக்கத்தை எடுத்துப் படியுங்கள்: 'பேரரசரின் வளம்', 'படைகளின் விசுவாசம்', 'அமைதி'. கேலியனஸின் தந்தை வலேரியன் பாரசீக மன்னன் ஷாப்பூரிடம் சிறைப்பட்டிருந்த நாட்கள் அவை. என்னிடம் இருக்கும் 'வளம்' காசில் ஒரு பெண் கொம்புக் கலசத்தைக் கவிழ்த்துக் கொட்டுகிறாள். அந்தக் கலசத்தின் விளிம்பிலேயே செம்பு சிவந்து தெரிகிறது.

மறைத்த விதம் எங்கள் பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. வெள்ளியும் செம்பும் கலந்த தகட்டைச் சூடாக்கினால் மேல்தோலில் உள்ள செம்பு கருகும். அதைப் புளிப்பான கரைசலில் போட்டால் கருகிய செம்பு கரைந்து, வெள்ளி மட்டும் மேலே நிற்கும். அப்புறம் அச்சில் வைத்து அடித்தால் பளபளவென்று வெள்ளிக் காசு. வெள்ளைப் பூச்சு தேயும்வரை வாங்குபவனுக்குத் தெரியாது. இந்தக் காலத்து ஆய்வாளர்களையே அது ஏமாற்றியிருக்கிறது. மேல்தோலை மட்டும் கருவியில் சோதித்தவர்களுக்கு வெள்ளி அதிகமாகக் காட்டியது. கெவின் புட்சரும் மேத்யூ பான்டிங்கும் காசின் விளிம்பில் துளையிட்டு உள் உலோகத்தை எடுத்துச் சோதித்த பிறகுதான் சரியான கணக்கு வந்தது. நான் மேலே சொன்ன நீரோவின் ஐந்தில் ஒரு பங்கு அவர்கள் கண்டதுதான்.

சரிசெய்ய முயற்சி நடக்காமல் இல்லை. 274 வாக்கில் ஆரேலியன் காசின் அடியில் இருபத்தொன்று என்று ரோமன் எண் பொறித்தார். இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அப்படியானால் கலப்பை ஒளிக்காமல் காசின் மேலேயே எழுதிவிட்டார் என்று ஆகிறது. டயோக்ளீஷியன் 301-இல் கோதுமையிலிருந்து முடிவெட்டும் கூலிவரை எல்லாவற்றுக்கும் உச்சவிலை நிர்ணயித்து ஆணையிட்டார், நிற்கவில்லை. கடைசியில் கான்ஸ்டன்டைன் தங்கத்தைப் பிடித்துக்கொண்டார். பவுண்டுக்கு 72, ஒன்று நான்கரை கிராம், பெயர் சாலிடஸ். கிழக்குப் பேரரசில் அந்தத் தரம் பதினோராம் நூற்றாண்டுவரை பெரிதாக அசையவில்லை. எழுநூறு ஆண்டுகள்! ஒரு பவுன் மாற்றுக் குறையாமல் அத்தனை காலம் நிற்பது என்றால் சாதாரண விஷயமா?

வெள்ளி குறைந்ததால்தான் பேரரசு கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போர், கொள்ளைநோய், ஆளுக்கு ஆள் பேரரசர் என்று எழும்பியது, எல்லாவற்றுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நெருக்கடி காசில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளில் பேரரசர் முகத்தில் வெட்டு இருக்கிறதாமே, ஏன்?
வாசகர், அறந்தாங்கி

1898-இல் ஆலங்குடி வட்டம் கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையல் அது. 501 தங்கக் காசுகள், அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை. அவற்றில் பெரும்பாலானவற்றில் முகத்தின் குறுக்கே உளியாலோ கத்தியாலோ ஒரே வெட்டு. தங்கமா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. எனக்கு அது ஒப்பவில்லை. சோதிக்க உரைகல் போதும். வெட்டித்தான் பார்க்க வேண்டுமென்றால் விளிம்பில் ஒரு கீறல் போதும். காசுக்குக் காசு முகத்தையே தேடி வெட்டியிருப்பதைப் பார்த்தால், இனி இது நாணயமாகப் புழங்கக்கூடாது, வெறும் தங்கம் என்று யாரோ முடிவு செய்தது போல இருக்கிறது. ஆய்வாளர்கள் பலரும் இந்தப் பக்கம்தான்.

இந்தியாவில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே மிக அதிகம் என்பதையும் மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். நீரோவுக்கு முந்தைய நல்ல வெள்ளிக்குத்தான் இங்கே மதிப்பு இருந்திருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஷியஸ் (ரோமானியர் கணக்குப் போட்ட பண அலகு) இந்தியாவுக்குப் போகிறது என்று முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். ஒரு தங்கக் காசுக்கு நூறு செஸ்டர்ஷியஸ், ஆகவே ஐந்து லட்சம் தங்கக் காசு. அவர் சொன்னது மிகையாகவும் இருக்கலாம். ஆனால் மாற்றுப் பார்த்து வாங்கும் வியாபாரிகள் இங்கே இருந்தார்கள் என்பதற்குக் காசே சாட்சி.

செப்புக் காசில் பச்சை படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் மனைவி. செய்யலாமா?
வாசகர், நாகர்கோவில்

வேண்டவே வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். புளி, எலுமிச்சை, பித்தளைப் பாத்திரம் விளக்கும் பொடி, எதுவும் கூடாது. குத்துவிளக்கில் களிம்பை எடுக்கலாம், கீழே உலோகம் தடிமனாக இருக்கிறது. பழங்காசில் எழுத்தும் முகமும் பல இடங்களில் அந்தப் பச்சைத் தோலில்தான் இருக்கின்றன. தோல் போனால் முகமும் போய்விடும்.

பச்சையில் இரண்டு விதம். வழவழவென்று கெட்டியாக, எண்ணெய் பூசியது போல் இருந்தால் அது காசைக் காக்கும் தோல், தொடாதீர்கள். வெளிர்பச்சையாகப் பொடிப்பொடியாக, தொட்டால் கையில் ஒட்டினால் அது நோய். குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். மூங்கில் குச்சி முனையால் பொடியை எடுத்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி, முழுக்க உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். திரும்ப வருகிறதா என்று கவனியுங்கள். உங்கள் ஊர்க் கடல்காற்றுக்கு இந்த ஜாக்கிரதை அவசியம். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளடைவில் அதுவே பிசுபிசுவென்று பச்சை கக்கும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகி, காரைக்குடி

முதலில் எடை. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எடை வரம்பு உண்டு, அதற்கு வெகுதூரம் போனால் சந்தேகப்படுங்கள். அடுத்தது விளிம்பு. அசல் காசு இரண்டு அச்சுகளுக்கு நடுவே தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தது. அடியில் உலோகம் வெளிப்பக்கம் பிதுங்கி, விளிம்பில் சின்னச் சின்ன வெடிப்பு இருக்கும். வார்ப்பில் வந்த போலிக்கு விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். லென்ஸில் பார்த்தால் தரையில் குமிழ் வெடித்த குழிகள் தெரியும், எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும்.

எல்லாவற்றிலும் உறுதியான சோதனை இரட்டைப் பிறவி. கையால் அடித்த காசில், ஒரே அச்சில் வந்த இரண்டுகூட ஒன்றுபோல் இருக்காது. ஒன்று இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும், ஒன்றில் தகடு கோணலாக இருக்கும். இரண்டு காசுகளில் அதே தேய்மானம், அதே வெடிப்பு, அதே கோணல் என்றால் இரண்டுமே ஒரே கருவிலிருந்து வார்த்தவை என்று சந்தேகிக்க வேண்டும். வாங்குவதற்கு முன் அதே வகையின் ஏலப் படங்களைத் தேடிப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். செம்புக் கருவின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய தெனாரியஸ் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரோமானியர் காலத்திலேயே செய்த கள்ளக் காசு அது, இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் பதுவா நகரத்து ஜொவான்னி த கவீனோ ரோமானியப் பாணியில் அடித்த பதக்கங்களையும் அவற்றின் அழகுக்காகவே தனியாகச் சேர்க்கிறார்கள்.

மகள் திருமணத்துக்கு ரோமானியக் காசைப் பதக்கமாகக் கோக்க ஆசை. துளை போடலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

துளையும் வேண்டாம், பொடி வைத்துப் பற்றவைக்கவும் வேண்டாம். விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் சட்டம் செய்து தரச் சொல்லுங்கள். கழற்றினால் காசுக்குச் சேதம் இருக்காது. மணமகளுக்கு என் ஆசி.

உங்கள் மனதுக்கு மிகவும் பிடித்த காசு எது அம்மா?
வாசகி, விழுப்புரம்

என்னிடம் இல்லாதது, என் கைக்கு எட்டாதது. டொமிஷியனுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்து சிறுவயதிலேயே இறந்துவிட்டது. அவர் அந்தக் குழந்தையைத் தெய்வமாக அறிவித்தார். 82, 83 வாக்கில் வந்த காசில் ஒருபக்கம் தாய் டொமிஷியா. மறுபக்கம் உலக உருண்டையின் மேல் அந்தக் குழந்தை அமர்ந்து இரண்டு கைகளையும் விரித்திருக்கிறது, சுற்றி ஏழு நட்சத்திரம். 'பேரரசர் டொமிஷியனின் மகன், தெய்வமான சீசர்' என்று எழுத்து. குழந்தையின் சொந்தப் பெயர் காசில் இல்லை. நான் மேலே மெச்சிய நல்ல வெள்ளியும் சரியாக அதே நாட்களில் வந்தது. 96-இல் டொமிஷியன் கொலையுண்ட பிறகு செனட் அவர் பெயரைக் கல்வெட்டுகளில் வெட்டி அழித்தது. நகராட்சிக் கல்லைக் கொத்தலாம், ஊர் ஊராகப் பரவிய காசை யார் தேடிப் பிடிப்பது? பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் செய்தி அதில் தப்பி வந்துவிட்டது. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விரிந்த கைகளில்தான் என் கண் போய் நிற்கிறது.

தோட்டத்தில் குழி எடுக்கும்போது பழங்காசு கிடைத்தால்?
வாசகர், கரூர்

1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கழுவாதீர்கள், பங்கு போடாதீர்கள், பானை உடைந்திருந்தால் ஓட்டையும் எடுத்து வையுங்கள். எந்த ஆழத்தில், எதோடு கிடைத்தது என்பதுதான் ஆய்வாளருக்குக் காசைவிட முக்கியம். நூறு ஆண்டைத் தாண்டிய காசை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972 தொல்பொருள் சட்டப்படி குற்றம். உங்கள் ஊர் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி பொறுமையாகச் சேர்த்துப் படித்துப் பதிப்பித்ததால்தான் அவற்றைப் பற்றி இன்று பேச முடிகிறது.

சேர்த்த காசுகளை எப்படிப் பதிவு செய்து வைப்பது?
வாசகர், தஞ்சாவூர்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காசுக்கு ஒரு பக்கம். எடை இரண்டு தசம இடம்வரை, விட்டம் மில்லிமீட்டரில், இரண்டு பக்கத்துப் படம், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை மட்டும் தெரிகிறபடியே. தேய்ந்த எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். முகத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காசைப் பக்கவாட்டில் திருப்புங்கள், பின்பக்கத்தின் தலை கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறது என்பதையும் குறியுங்கள். பல அக்கசாலைகளில் அது ஆறு அல்லது பன்னிரண்டில் ஒழுங்காக நிற்கும், ஆகவே அந்த எண் பின்னால் உதவும். யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை ரசீதோடு அதே பக்கத்தில் ஒட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள், ஆதார நூலைப் பார்த்து நீங்கள் குறிக்கும் வகை எண் அடிக்கடி மாறும்.